மழை நாளில் மாத்திரை வேண்டாமாம்

ஈரம் காயாத தரையை மிதிக்காமல் போன ஒரே ஆள் அந்த அலுவலகத்தில் அவர்தான். மூன்றாம் மாடியில் ஒரு கூடமும் இரண்டு அறையும் கொண்ட இடம் அது. துப்புரவு வேலை பார்க்கிற அக்கா தரையைத் துடைத்து நிமிர்கிற நேரத்துக்குச் சரியாகப் பிள்ளைகள் வேலைக்கு வருவார்கள். கையில் போன், காதில் ஒயர், காலில் ஊர்ப் புழுதி. நடுக்கூடத்தில் சதக் சதக்கென்று மிதித்துக்கொண்டு போவார்கள். அக்கா மறுபடியும் வாளியைத் தூக்குவாள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், வாசலில் ஒருவர் குனிந்து ஷூவைக் கழற்றுவதைப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டியவர். கழற்றிய ஷூவை இரண்டு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு, சுவரோரமாக அடிமேல் அடி வைத்து நடந்து, தன் நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தார். அவள் பார்க்கிறாளா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு வருஷம், தரை ஈரமாக இருந்த நாளெல்லாம் அப்படித்தான் போனார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவருக்கு அங்கே வைத்த பெயர் ஆமை. எதிரில் 'சார்' சேர்த்துக்கொள்வார்கள். முதுகுக்குப் பின்னால் வெறும் ஆமை.

அந்தக் கம்பெனி செய்தது போனில் போட்டுக்கொள்கிற செயலிகள். செய்தது என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஒன்றை அரைகுறையாகச் செய்வார்கள். பிறகு அதற்கே நிறம் மாற்றி, படம் மாற்றி, பெயர் மாற்றி, பத்தாகவும் இருபதாகவும் கடையில் ஏற்றிவிடுவார்கள். கடை என்றால் படியேறிப் போகிற கடை இல்லை. போனுக்குள்ளேயே இருக்கிற சந்தை. லட்சக்கணக்கான சரக்கு அங்கே குவிந்து கிடக்கிறது. அந்தக் குவியலில் தங்கள் பங்குக்கும் ஒரு கூடை கொட்டுவதுதான் இவர்களுடைய தொழில்.

டார்ச் அடிக்கிற செயலி மட்டும் பதினெட்டு. போனை வாங்கும்போதே அதில் டார்ச் இருக்கிறது. அதற்கு மேல் பதினெட்டு. முகம் பார்க்கும் கண்ணாடி ஆறு. கொசு விரட்டும் சத்தம் என்று ஒன்று உண்டு. அதை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் காதிலேயே கொசு உட்கார்ந்ததை அக்கா கண்ணால் பார்த்தாள். போன்மேல் வெங்காயத்தை வைத்தால் எடை சொல்லும் என்று இன்னொன்று. வெங்காயத்தை வைத்தாலும் நூற்றிருபது கிராம், விரலை வைத்தாலும் நூற்றிருபது கிராம், ஒன்றுமே வைக்காவிட்டாலும் நூற்றிருபது கிராம். இதில் எதைத் தொட்டாலும் முதலில் ஒரு விளம்பரம் வரும். அதைத் தள்ளினால் அடுத்தது வரும். அதையும் தள்ளினால், போனால் போகிறதென்று வெங்காயம் வரும்.

ஆண்டவன் மனுஷனுக்கு ஒரே ஒரு இருதயத்தைத்தான் வைத்தான். பதினெட்டு வைத்து, எது ஓடுகிறதோ ஓடட்டும் என்று விடவில்லை. இந்த ஒரு விஷயம் அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

கூடத்துச் சுவரில், ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் காட்டுகிற மாதிரி ஒரு பலகை இருந்தது. கடையில் அன்றைக்கு எத்தனை செயலி நிற்கிறதோ அந்த எண் சிவப்பு விளக்கில் தானாக எரியும். முதலாளி காலையில் வந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதுபோல அதைத்தான் பார்ப்பார். எண் ஏறியிருந்தால் சிரிப்பார்; ஏறாவிட்டால் எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டுவார். அவருடைய சொந்தப் போனில் அந்தக் கம்பெனியின் செயலி ஒன்றுகூட இல்லை என்பது மேசை துடைக்கிற அக்காவுக்குத் தெரியும். தன் கடைச் சோற்றில் கை வைக்காத சாப்பாட்டுக் கடைக்காரன் மாதிரி!

இந்தக் கூட்டத்தில் ஆமை சாருக்கு என்ன வேலை என்றால், ஒவ்வொரு செயலியும் கடைக்குப் போகுமுன் தொட்டுப் பார்த்து, ஒரு தாளில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. அதற்கு முன்னால் அவர் மின்சார சுவிட்சு செய்கிற தொழிற்சாலையில் பதினோரு வருஷம் இருந்தவர். அங்கே ஒரு சுவிட்சை இருநூறு தரம் போட்டு அணைத்த பிறகுதான் பெட்டிக்குள் வைப்பார்களாம். அந்த விரல்தான் இங்கேயும் வந்தது. ஈர விரலால் தொடுவார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொடுவார். பாதியில் போனை அணைத்துவிட்டு, மறுபடி உயிர் கொடுத்துத் தொடுவார்.

"சார், ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம்தான்னு முதலாளி சொல்லியிருக்காரு. நீங்க ஒண்ணரை மணி நேரமா ஒரே டார்ச்ச வெச்சிட்டு உக்காந்திருக்கீங்க" என்பான் ஒரு பிள்ளை. அவன்தான் ஒன்றைப் பத்தாக்குகிறவன். அச்சு என்று கூப்பிடுவார்கள்.

"எரியுது தம்பி. அணையல."

"டார்ச்சுன்னா எரியணும் சார். அதுதானே டார்ச்சு?"

"அணைக்கறதுக்கும் ஒரு பட்டன் வெச்சிருக்கியே, அது எதுக்கு?"

"அழகுக்கு சார்!"

கூடமே சிரிக்கும். ஆமை சாரும் லேசாகச் சிரித்துக்கொண்டு, தாளில் 'அணையவில்லை' என்று எழுதுவார். அந்தத் தாளைப் படிக்க யாரும் இல்லை. டார்ச் மட்டும் சாயங்காலமே கடைக்குப் போய்விடும்.

ஒரு தரம் அவர் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க அவர் மனைவி வந்திருந்தார். அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "வீட்லயும் இதே கததான்மா. பூட்டின பூட்ட மூணு தரம் இழுத்துப் பாப்பாரு. என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியும் மூணு தரம் வந்து பேசிப் பாத்துட்டுத்தான் சரின்னாரு. நான் மொதத் தடவையே சரின்னுட்டேன். ஏமாந்தது நான்தான்." சொல்லிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஏமாந்த களை ஒன்றும் இல்லை.

செயலிக் கடையில் சரக்கு ஓட வேண்டுமென்றால் நட்சத்திரம் வேண்டும். வாங்கிப் பயன்படுத்தியவர்கள், பிடித்திருந்தால் ஐந்து, பிடிக்காவிட்டால் ஒன்று என்று போடுவது வழக்கம். இவர்கள் சரக்குக்கு வெளியாள் எவன் போடுவான்? அதனால் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். அதற்கும் ஆள் போதாமல் ஒரு நாள் அச்சு அக்காவிடம் வந்தான்.

"அக்கா, போனக் குடுங்க. அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டுத் தரேன்."

"எதுக்குப்பா போடற?"

"வேளாவேளைக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தற ஆப்புக்கா. புதுசு."

"நல்லா இருக்கா அது?"

"வெளியாளு இன்னும் யாரும் பாக்கல. நீங்கதான் மொத ஆளு. வீட்ல வேற போன் இருக்குமே, நாளைக்கு அதையும் கொண்டாங்க."

மறுநாள் அக்கா தன் வீட்டுக்காரர் போனையும் கொண்டுவந்தாள். அவர் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். தவறாமல் சாப்பிட்டதால் மூன்று வருஷமாக ஒன்றும் இல்லாமல் இருந்தார். அவர் பேரில் அச்சு ஐந்து நட்சத்திரம் போட்டு, 'என்னைத் தாய்போல் கவனிக்கிறது, மிக்க நன்றி' என்றும் எழுதினான். பிறகு செயலியை அழிக்கப் போனவனை அக்கா தடுத்தாள்.

"இருக்கட்டும்பா. அவருக்கு மறதி ஜாஸ்தி. நான் வெள்ளென வேலைக்கு வந்துடறேன். இதாவது ஞாபகப்படுத்தட்டும்."

ஐந்து நட்சத்திரத்தை நம்பி அல்ல, தினமும் கண்ணெதிரே வேலை செய்கிற படித்த பிள்ளைகளை நம்பித்தான் அவள் அதைச் சொன்னாள்.

இரண்டு மாதம் போன் ஒழுங்காக அடித்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் சலவைக் கடையிலிருந்து ஆள் வந்தது. வீட்டுக்காரர் இஸ்திரி மேசையிலேயே வலிப்பு வந்து சாய்ந்துவிட்டார். சூடான பெட்டி இடது கையில் பட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வழன்றுவிட்டது.

டாக்டர் கேட்டார்: "மாத்திரைய நிறுத்திட்டாரா?"

"சாமி சத்தியமா இல்ல டாக்டர்" என்றாள் அக்கா.

கட்டிலில் கிடந்தவர் மெல்ல வாயைத் திறந்தார். "நாலு நாளா போடலடி. அதுதான் வேணாம்னு சொல்லிச்சு."

"எது சொல்லிச்சு?"

"போனு."

எடுத்துப் பார்த்தாள். மணி அடிக்க வேண்டிய இடத்தில், பச்சைப் பசேலென்று ஒரு இலைப் படம் போட்டு எழுதியிருந்தது: 'இன்று மழை. மாத்திரை தேவையில்லை. இயற்கை பார்த்துக்கொள்ளும்.'

"இத நம்பினீங்களா?"

"பின்ன? நான் எட்டிக்கூடப் பாக்கல, அதுக்குள்ள வெளிய மழைன்னு சொல்லுது. பாத்தா நெசமாவே மழை. இவ்ளோ தெரிஞ்சது மாத்திரை விஷயத்துல மட்டும் தப்பா சொல்லுமா? குளிருக்கு உடம்பு வேற மாதிரி இருக்கும்போலன்னு நெனச்சேன்."

மறுநாள் காலை அக்கா அந்தப் போனை எடுத்துக்கொண்டு நேராக ஆமை சாரிடம் போனாள். முதலாளியிடம் போகவில்லை. யார் யாரிடம் எதைக் காட்டலாம் என்பது தரை துடைக்கிறவளுக்குத் தெரியும்.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எழுந்து, கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். மாத்திரைச் செயலி. 'பார்த்தேன்.' அவருடைய கையெழுத்து. அன்றைக்கு அவர் மேசைக்கு வந்தது முப்பத்தேழு.

"எல்லாத்தையும் தட்டிப் பாத்தேம்மா" என்றார். "வெயில் நாளு. வெயில்லதான் பாத்தேன்."

அச்சுவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் தயங்காமல் சொன்னான். செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஞாபகப்படுத்துகிற செயலி ஒன்று பழசாக இருந்தது. மழை நாளில் தண்ணீர் வேண்டாம் என்று அது சொல்லும். அதிலிருந்துதான் இதை எடுத்தார்களாம்.

"தண்ணின்னு இருக்கற எடத்துல எல்லாம் மாத்திரைன்னு மாத்திட்டேன் சார். நாப்பத்தி மூணு எடம், ஒரே அமுக்கு! மழைக்குன்னு தனியா ஒரு வரி இருந்துச்சா? அட!"

வாய்விட்டுச் சிரித்தான். பிறகு அக்கா நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

"திருத்த எவ்ளோ நேரமாகும்?"

"அஞ்சு நிமிஷம் சார். ஆனா திருத்திப் போட்டா, கடைக்காரங்க திரும்ப ஒரு வாரம் நிறுத்தி வெச்சுப் பாப்பாங்க. அது வரைக்கும் எண்ணிக்கைல வராது. வெள்ளிக்கிழமை விசேஷம். முதலாளியக் கேட்டுக்குங்க."

வெள்ளிக்கிழமை விசேஷம் என்பது ஐநூறாவது செயலி. பலகையில் அப்போது நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. பெரிய மனிதர் ஒருவர் வந்து ஐநூறாவதைத் தன் கையாலேயே அமுக்கிக் கடைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அந்த ஐநூறாவது என்னவென்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு கண்ணாடிதான்.

ஆமை சார் முதலாளி அறைக்குள் போனபோது, அக்கா அங்கே டீ டம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கி முடித்த பிறகும் பொறுக்கினாள்.

"எத்தன பேருக்கு இப்படி ஆச்சு?" என்றார் முதலாளி.

"தெரிஞ்சது ஒருத்தருக்கு சார்."

"பதினோராயிரம் பேர் வெச்சிருக்காங்க. அதுல ஒருத்தர். இதவிட நல்ல மார்க்கு எந்தப் பள்ளிக்கூடத்துலய்யா குடுப்பான்?"

"மத்தவங்களுக்கு ஆனது நமக்குத் தெரியாது சார். ஒரு வாரம் கடையில இருந்து எடுத்துடலாம். இப்பவே போன்ல வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு செய்தி அனுப்பிடலாம்."

"எடுத்தா நானூத்தித் தொண்ணூத்தெட்டு ஆயிடும்யா. வெள்ளிக்கிழமை முடியட்டும்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து மழைன்னு நம்ம ஆப்பே சொல்லுது சார்."

"அது சொல்றத எல்லாம் யாருய்யா நம்புவா?"

இதைச் சொல்லிவிட்டு முதலாளி சாவகாசமாகப் பல் குத்தினார். சொன்னது என்னவென்று அவர் காதுக்கே எட்டவில்லை. கடவுள் மன்னிக்கட்டும், கையிலிருந்த ஐந்து டம்ளரையும் அந்த மேசைமேல் போட்டு உடைத்துவிடலாம் என்று அக்காவுக்கு வந்தது. கழுவிக் கவிழ்த்தாள். ஆஸ்பத்திரிக்குத் தினமும் கட்டு மாற்ற ஆகும் செலவு அந்தச் சம்பளத்தில்தான் போகிறது.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் ஆமை சார் நின்றிருந்தார்.

"ஏம்மா, உள்ளறைச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

அச்சுவின் கம்ப்யூட்டர் இருக்கிற அறை. கம்பெனியின் செயலி வைத்திருக்கிற எல்லாப் போனுக்கும் அங்கிருந்துதான் விளம்பரச் செய்தி பறக்கும். 'எங்கள் புதிய டார்ச்!' என்று ஒரு நாளைக்கு ஐந்து தரம் அனுப்புவார்கள். கடையில் ஏற்றுவதும் இறக்குவதும் அந்தக் கம்ப்யூட்டரிலேதான்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குத் துடைக்க வருவீங்க?"

"ஆறரைக்கு வரச் சொல்லியிருக்காரு சார், விசேஷம்னு."

"துடைக்கறப்ப கதவத் தெறந்துதானே போட்டிருப்பீங்க?"

அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. வேலை போனால் என்ன ஆகும் என்பதும் புரிந்தது. கட்டுப் போட்ட கை கண்முன் வந்தது. ஊர் பேர் தெரியாத பதினோராயிரம் வீடு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாத்திரை டப்பா, ஒரு பச்சை இலைப் படம்.

"ஈரம் காயணுமில்ல சார்" என்றாள். "தெறந்துதான் போடுவேன்."

வெள்ளிக்கிழமை காலை கூடமெல்லாம் பலூன் கட்டியிருந்தார்கள். சுவர்ப் பலகையைச் சிவப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அக்கா உள்ளறையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள். ஆமை சார் வாசலில் ஷூவைக் கழற்றினார். சுவரோரமாக, அடிமேல் அடி வைத்து உள்ளே போனார். கம்ப்யூட்டரின் ரகசியச் சொல்லை அச்சு திரையின் நெற்றியிலேயே தாளில் எழுதி ஒட்டி வைத்திருந்தான். அங்கே எல்லாமே அந்த லட்சணம்தான்.

அவர் ஒரு விரலால் தட்டினார். எழுதியதை மூன்று தரம் படித்துப் பார்த்தார். பிறகு, அக்கா வாழ்நாளில் முதல் தடவையாக, அவர் ஒரே அமுக்கில் ஒரு வேலையை முடிப்பதைப் பார்த்தாள்.

'மழை பெய்தாலும் மாத்திரை போடுங்கள். எங்கள் செயலி தவறாகச் சொல்லிவிட்டது. இதை நீக்கிவிடுங்கள். விட்டுப்போனவர்கள் உடனே டாக்டரைப் பாருங்கள்.'

அடுத்த அமுக்கில் மாத்திரைச் செயலி கடையிலிருந்து இறங்கியது.

எட்டரைக்கு வந்த பிள்ளைகள் போனிலும் அந்தச் செயலி இருந்தது. ஆனால் ஒருவனும் செய்தியைப் பார்க்கவில்லை. தங்கள் கம்பெனியின் செய்தித் தொல்லை பொறுக்காமல், அதன் வாயை எல்லோரும் எப்போதோ அடைத்து வைத்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் ஐந்து தரம், தங்களுக்கு மட்டும் நிம்மதி!

அக்காவின் போன்தான் அடித்தது. வீட்டுக்காரர்.

"ஏய், இப்பதான் பாத்தேன். மழையிலயும் போடணுமாம். தப்பு பண்ணிட்டேன்னு அதுவே ஒத்துக்குது பாரு! மனுஷன் எவன் ஒத்துக்கறான்?"

"அழிச்சுத் தொலைங்க அத" என்றாள் அக்கா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பதினோரு மணிக்குப் பெரிய மனிதர் வந்தார். முதலாளி பேசினார். ஐநூறு என்ற சொல்லை மட்டும் இருபது தரம் சொன்னார். பெரிய மனிதர் அமுக்கினார். கை தட்டினார்கள். துணியை இழுத்தார்கள்.

நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

கைதட்டல் பாதியில் நின்றது. பெரிய மனிதர் தன் விரலைத் திருப்பிப் பார்த்தார், அதில்தான் ஏதோ கோளாறு என்பதுபோல. முதலாளி அச்சுவைப் பார்த்தார். அச்சு உள்ளறைக்கு ஓடினான்.

"நான்தான் சார்" என்றார் ஆமை சார், யாரும் கேட்பதற்கு முன்பே. "மாத்திரைய எடுத்துட்டேன். எல்லாருக்கும் செய்தியும் அனுப்பியாச்சு."

முதலாளி முகம் பலகை நிறத்துக்கு வந்தது. "உள்ள எப்படிய்யா போன? யாரு தெறந்து விட்டா?"

அக்கா வாயைத் திறந்தாள். ஆமை சார் அவள் பக்கம் திரும்பாமலே, அவசரமாகச் சொன்னார்: "கதவு தெறந்துதான் இருந்துச்சு. நானாப் போனேன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும், வாயைத் திறந்த அக்கா அப்படியே மூடிக்கொண்டதை இன்று வரை ஆண்டவனிடம் சொல்லித்தான் தூங்குகிறாள்.

கடைக்காரர்கள் முன்பே பார்த்து முடித்துக் கையிருப்பில் கிடந்த இன்னொரு டார்ச்சைப் பத்தே நிமிஷத்தில் அச்சு கடையில் ஏற்றினான். பத்தொன்பதாவது. பலகையில் ஐநூறு எரிந்தது. மறுபடியும் துணி போட்டு மூடி, மறுபடியும் இழுத்து, மறுபடியும் கை தட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பெரிய மனிதருக்கு அந்த இரண்டாவது ஐநூறு எதுவென்று தெரியாது. அவருக்கு முதல் ஐநூறும் தெரியாது.

மத்தியானம் ஆமை சார் தன் டீக் கோப்பையையும் பெருக்கிக் காட்டும் கண்ணாடி வில்லையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பலூன் குப்பையும் சிந்திய சர்பத்துமாகக் கிடந்த படிக்கட்டை அக்கா துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் மேல் படியில் நின்றார். குனிந்து ஷூவைக் கழற்றினார்.

"வேணாம் சார், போட்டுட்டே போங்க" என்றாள் அக்கா. "நான் திரும்பத் துடைச்சுக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் மிதிச்சா என்ன?"

அவர் கேட்கவில்லை. கையில் ஷூ, தோளில் பை, சுவரோரமாக ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"உங்களுக்கு வேற வேலை..." என்று ஆரம்பித்தாள். முடிக்கத் தெரியவில்லை. "எல்லாம் என் வீட்டுக்காரரால சார்."

கடைசிப் படியில் நின்று ஷூவைப் போட்டுக்கொண்டார். வாசல் வழியாக வானத்தை அண்ணாந்து பார்த்தார். கறுத்துக்கொண்டு வந்தது. உள்ளங்கையை நீட்டி, முதல் தூறல் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"மழை வருதும்மா. அவர மாத்திரை போடச் சொல்லுங்க."